வாயடைத்த ஊதுகொம்பு

மார்ல்கோட் குடும்பத்தின் பெருமையைப் பேச வருவோர் அனைவரும் போர்க்களத்திலிருந்தே தொடங்குகின்றனர். வாரின் பிரபு வேல்ஸ் மலைகளில் காட்டிய வீரத்தை அவர்கள் விரிவாக எடுத்துரைப்பர். அவை யாவும் உண்மையே. எனினும் அக்குடும்பம் உயர்ந்த நாள் எது என்று என்னைக் கேட்டால், நான் ஒரு புனித பர்த்தலமேயு திருநாளின் நண்பகலைத்தான் குறிப்பிடுவேன். அன்று அவர்களுடைய எதிர்காலம் முழுவதும், இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் தொண்டையில் அடங்கியிருந்தது.

அக்காலத்தில் நான் அம்மாளிகையின் உணவறைக்குப் பொறுப்பாக இருந்தேன். விமண்ட் என்பது என் பெயர். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பீர்ப் பீப்பாய்களும் என் சாவிக்கொத்துக்குக் கட்டுப்பட்டவை. நானோ மார்ல்கோட் மண்ணுக்குக் கட்டுப்பட்டவன். என் தந்தையும் அவ்வாறே கட்டுப்பட்ட பண்ணையாள். நிலம் எவர் கைக்கு மாறினாலும், உழவு மாடுகளோடு நாங்களும் அவர் கைக்கு மாறுவோம்.

அந்நிலம் எங்கள் தலைவி ஹாவிஸ் அம்மையாருக்குத் தந்தைவழி வந்தது. அவருடைய தந்தையார் வேல்ஸ் போரில் குதிரை இழந்து, ஆற்றங்கரைச் சேற்றில் கிடந்தபோது, லாடம் அடிப்பவரின் மகனாகிய வாரின் என்னும் படைவீரர் தம் குதிரையில் அவரை ஏற்றிவிட்டு, கடிவாளத்தைப் பிடித்தபடி பகைவரின் அம்புகளுக்கிடையே ஓடி வந்தார். அதற்கு நன்றியாகக் கிடைத்தவை ஒரு வீரப் பட்டமும் ஒரே மகளின் கையும். கிழவர் மறைந்தபின், வாரின் மார்ல்கோட்டின் தலைவராக அமர்ந்தார். ஆனால் அவர் அமர்ந்த நாற்காலிக்கு அடியில் தரை இல்லை.

ஏனெனில் எங்கள் நாட்டின் வழக்கம் பின்வருமாறு அமைந்துள்ளது. நிலமுடைய பெண்ணை ஒருவன் மணந்து, அவர்களுக்குக் குழந்தை உயிருடன் பிறந்து, அதன் அழுகை நான்கு சுவர்களுக்குள்ளிருந்து கேட்கப்பட்டால், பின்னர் மனைவி இறந்தாலும் அவன் தன் ஆயுள் முழுவதும் அந்நிலத்தை ஆளலாம். அழுகை கேட்கப்படாவிடில், மனைவி கண்மூடிய அன்றே அவன் வெறும் வழிப்போக்கன். பேற்றறைக்குள் ஆண்கள் நுழையலாகாது. பெண்களின் சாட்சியமோ நீதிபதிகள் முன் செல்லாது. ஆகவே ஆண்கள் சுவருக்கு வெளியே நின்று, பிறப்பைக் காதினால் காண்பார்கள். அந்த ஆண்களும் சுதந்திரக் குடிகளாக இருத்தல் வேண்டும். என்னைப் போன்ற பண்ணையாளின் காது, அவன் தலையில் ஒட்டியிருக்கும் ஓர் அலங்காரம் மட்டுமே.

ஹாவிஸ் அம்மையார் முந்திய இரவே வலியால் துடிக்கத் தொடங்கியிருந்தார். மருத்துவச்சி கோடித் விடியற்காலையில் மாடியறையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"குழந்தை குறுக்க கெடக்கு, ஐயா," என்றாள் வாரினிடம். "திருப்பப் பாக்குறேன். அம்மா நல்ல தெம்பா இருக்காங்க. ஆனா எதையும் நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். வீட்டுல இருக்கிற முடிச்சு, பூட்டு எல்லாத்தையும் அவுத்து விடச் சொல்லுங்க."

பேறு எளிதாக நிகழும்பொருட்டு வீட்டில் பூட்டியவை அனைத்தையும் திறந்துவிடுதல் எங்கள் மரபு. நான் சாவிக்கொத்துடன் ஓடினேன். பெட்டிகளின் மூடிகளைத் திறந்தேன். மூட்டைகளின் கயிறுகளை அவிழ்த்தேன். என் உயிரினும் மேலான உணவறையை வாய் பிளந்து நிற்கும்படி விட்டேன். பணிப்பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டனர். இறுதியாகக் கோட்டைவாயிலின் பெருங்கதவையும் இருபுறமும் அகலத் திறந்து வைத்தோம்.

அந்தத் திறந்த கதவின் வழியாகத்தான் ட்ரோகோ உள்ளே வந்தார்.

ட்ரோகோ பிரபு ஹாவிஸ் அம்மையாரின் சிற்றப்பா மகன். அம்மையார் வாரிசின்றி இறந்தால் மார்ல்கோட்டுக்கு உரியவர். அவருடன் குதிரைகளில் நால்வர் வந்தனர். வேட்டைநாய்க் கூட்டம் ஒன்று அவர்களுக்கு முன்னால் முற்றத்தில் பாய்ந்தது. அவருடைய பண்ணையாட்களை நான் சந்தையில் கண்டிருக்கிறேன். குளிர்காலத்திலும் காலில் செருப்பின்றி நடப்பவர்கள். அன்று மாலைக்குள் நானும் அவர்களுள் ஒருவனாகிவிடக்கூடும் என்ற எண்ணம் எழுந்தது.

"என்ன மாப்பிள்ளை, கதவெல்லாம் தொறந்து வச்சு வரவேற்பு பலமா இருக்கே!" என்றார் ட்ரோகோ, குதிரையிலிருந்து இறங்கியவாறே. "தங்கச்சிக்கு வலின்னு கேள்விப்பட்டேன். பக்கத்துல இருந்து பிரார்த்தனை பண்ணலாம்னு வந்துட்டேன்."

"பிரார்த்தனைக்கு நாய் எதுக்கு மச்சான்?" என்றார் வாரின்.

"போற வழியில வேட்டை. உங்க அப்பா லாடம் அடிச்சாரு, நீங்க அதெல்லாம் பழகியிருக்க மாட்டீங்க." அவர் சிரித்தார். "பெறந்த குழந்தைக்குப் பதிலா வேற குழந்தையை உள்ள கொண்டாந்துடக் கூடாதுல்ல? சொந்தக்காரன் பாத்துக்கணும். அது என் உரிமை. சாட்சிக்கு நாலு சுதந்திர ஆளுங்களையும் கூட்டியாந்திருக்கேன். காதை வச்சுக்கிட்டு உக்காருவாங்க."

அந்த நால்வரில் மூத்தவர் ஐவோ. நரைத்த தாடியுடைய முதிய வீரர். முற்றுகை ஒன்றில் கல்லெறி இயந்திரத்தின் அருகில் நின்றமையால் செவிப்புலன் இழந்தவர். நான் அவரை வணங்கி, "உள்ள வாங்க ஐயா," என்றேன்.

"ஆமா, வழியெல்லாம் ஒரே தூசி," என்றார் அவர்.

அழுகையைக் கேட்பதற்கென்று ஒரு செவிடரை அழைத்து வந்திருந்தனர்! வாரினும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எஞ்சிய மூவரும் ட்ரோகோவின் உப்பைத் தின்பவர்கள். அவர்களுடைய காதுகள் அவர் கேட்கச் சொன்னதை மட்டுமே கேட்கும்.

"நம்ம ஊரு ஆளுங்களைக் கூப்பிடு விமண்ட்," என்றார் வாரின் தாழ்ந்த குரலில். "ஓடு!"

நான் ஓடினேன். ஊரில் ஒரு சுதந்திரக் குடியும் இல்லை! கொல்லன் வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. ஆலைக்காரன் வீடு பூட்டியிருந்தது. பாதிரியாரையும் காணவில்லை. வெண்டில் சந்தையில் மற்போர் நடப்பதாகவும், வென்றவனுக்கு ஓர் ஆட்டுக்கிடா பரிசு என்றும், யாரோ ஒரு பெருந்தகை இரண்டு பீப்பாய் பீரை இலவசமாக ஊற்றுகிறார் என்றும் கொல்லனின் மனைவி கூறினாள்.

"யாருன்னு தெரியலை, மகராசன் நல்லா இருக்கட்டும்," என்று அவள் வாழ்த்தினாள்.

அந்த மகராசன் எங்கள் கூடத்தில் அமர்ந்து என் பன்றியிறைச்சிப் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தார். உணவறைதான் திறந்திருந்ததே!

குதிரைக்காரனைச் சந்தைக்கு அனுப்பினோம். அவன் சொட்டச் சொட்ட நனைந்தவனாகத் திரும்பி வந்தான். ஆற்றுப்பாலத்தின்மேல் நின்றிருந்த ட்ரோகோவின் ஆட்கள் அவனை நீரில் தள்ளிவிட்டிருந்தனர். வாரின் தாமே செல்லத் துணிந்தார். ஆனால் அவர் வாயிலை அடைந்தவுடன் ட்ரோகோ எழுந்து மாடிப்படியின் அடியில் போய் நின்றார். அவர் பேற்றறைக்கு ஏறிவிடுவாரோ என்று அஞ்சி வாரின் திரும்பி வந்தார். அவர் வீட்டை விட்டு வெளியேறவும் இயலாது. வீட்டில் இருந்தும் பயனில்லை. கணவனின் காதும் வழக்கில் செல்லாது.

கதிரவன் உச்சியை நெருங்கிய வேளையில் மாடியறையிலிருந்து ஹாவிஸ் அம்மையாரின் அலறல் எழுந்தது. உடனே கோடித்தின் குரலும் கேட்டது: "திரும்பிருச்சு! அம்மா, திரும்பிருச்சு! இன்னும் கொஞ்சம் முக்குங்க!"

கூடத்திலிருந்த அனைவரும் எழுந்து நின்றோம். அப்போது ட்ரோகோ தம் ஆட்களை நோக்கி விரலை உயர்த்தினார். மூவரும் முற்றத்திற்குச் சென்று, மாடியறைச் சாளரத்திற்கு நேர் கீழே நின்று, இடுப்பிலிருந்த வேட்டைக்கொம்புகளை வாயில் வைத்தனர்.

அவர்கள் ஊதினர்! அந்த ஓசையில் கூரையிலிருந்த புறாக்கள் அனைத்தும் பறந்தோடின. நாய்கள் வானை நோக்கி ஊளையிட்டன. பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கின. மாடியில் இடியே விழுந்தாலும் கீழே எவருக்கும் கேட்டிராது.

"நிறுத்துங்க!" என்று வாரின் முற்றத்தில் பாய்ந்தார். "மச்சான், என்ன இது அநியாயம்?"

"எங்க வம்சத்துல வாரிசு பொறந்தா கொம்பு ஊதுறது வழக்கம் மாப்பிள்ளை!" என்று ட்ரோகோ அவருடைய காதருகே கத்தினார்.

"இன்னும் பொறக்கவே இல்லையே!"

"இது ஒத்திகை!"

வாரினின் கை வாளின் பிடிக்குச் சென்றது. ட்ரோகோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் வேண்டியதும் அதுவே. மன்னரின் அமைதியைக் குலைத்து உறவினனின் இரத்தம் சிந்தியவனுக்கு நிலமும் இல்லை, தலையும் இல்லை. வாரின் கையை எடுத்துக்கொண்டார். அவர் தம் வாழ்நாளில் செய்த வீரச்செயல்களுள் அதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

அதன்பின் அவர் கெஞ்சத் தொடங்கினார். லாடக்காரரின் மகன், வீரப் பட்டம் பெற்றவர், மூன்று வேலையாட்களிடம் கைகூப்பி, "ஒரு நிமிஷம் நிறுத்துங்கப்பா, மூச்சாவது விடுங்கப்பா," என்றார். அவர்கள் மூச்சு விடவே செய்தனர். ஆனால் முறைவைத்து விட்டனர். ஒருவன் ஓய்ந்தால் மற்ற இருவர் ஊதினர். எந்தக் கணத்தில் குழந்தை பிறக்கும் என்பது எவருக்கும் தெரியாதாகையால், ஓசையில் ஓர் இடைவெளியும் விழலாகாது என்பது ட்ரோகோவின் கட்டளை.

திடீரென வாரின் கெஞ்சுவதை நிறுத்தினார். தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டார். அவருடைய முகம் மாறியது. என்னை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றார்.

"விமண்ட், வேட்டைக்குப் போறவன் எப்படி ஊதுவான்?"

"விட்டு விட்டு ஊதுவான் ஐயா. நீளமா ஒண்ணு, சின்னதா ரெண்டு..."

"இவனுங்க எப்படி ஊதுறானுங்க?"

"விடாம ஊதுறாங்க."

"விடாம கொம்பு ஊதினா அதுக்கு என்னடா அர்த்தம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் நாட்டில் எவன் வீட்டிலேனும் திருடனோ கொலைகாரனோ புகுந்தால், அவன் இடைவிடாது கொம்பூதிக் கூக்குரல் எழுப்ப வேண்டும். அதைக் கேட்ட ஆண்மகன் ஒவ்வொருவனும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, கிடைத்த ஆயுதத்துடன் ஓடிவர வேண்டும். வரும்போதே தானும் கத்தி அடுத்த ஊரை எழுப்ப வேண்டும். வராதவனுக்குத் தண்டம் உண்டு. ஒருமுறை கணப்பருகே தூங்கிவிட்டதற்காக நானே ஒரு கொழுத்த கோழியைத் தண்டமாகச் செலுத்தியிருக்கிறேன்.

"ஐயா," என்றேன், "அப்போ இவங்க..."

"வாயை மூடு! சிரிக்காதே! போய் பீர் கொண்டா. நல்ல பீரு. தொண்டை காஞ்சு நிறுத்திடப் போறானுங்க!"

நான் பறந்தேன். ஆண்டவரின் பெருநாளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பீப்பாயைத் திறந்து, நுரை ததும்பும் குவளைகளுடன் அம்மூவரிடம் ஓடினேன். அவர்களுடைய கன்னங்கள் பழுத்த பிளம் போலச் சிவந்திருந்தன. ஒருவன் குவளையைப் பற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீண்டும் கொம்பை எடுத்தான்.

"அடேயப்பா, மாப்பிள்ளை வழிக்கு வந்துட்டாரே!" என்று ட்ரோகோ தொடையைத் தட்டினார்.

"என்ன பண்றது மச்சான், சொந்தக்காரங்க ஆச்சே," என்றார் வாரின் பணிவுடன். "நல்லா ஊதச் சொல்லுங்க."

சற்று நேரத்தில் தொலைவில் ஆக்ஸ்லி கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அடுத்து ஆலையடி ஊரின் மணியும் முழங்கியது. ட்ரோகோவின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. "கேட்டீங்களா? மணிகூட நம்ம பக்கம் சேந்துக்கிச்சு! ஊதுங்கடா!" என்று ஆட்களை ஊக்கினார். கோதுமை வயல்களில் குனிந்திருந்தோர் நிமிர்வதையும், அரிவாளுடன் ஓடத் தொடங்குவதையும், வெண்டில் சாலையில் புழுதி எழுவதையும் அவர் காணவில்லை. அவருடைய கண்கள் மாடிச் சாளரத்தின்மேலேயே இருந்தன.

நான் இன்னொரு குவளையுடன் படியருகே கடந்தபோது, கொம்பொலிக்கும் நாய்களின் ஊளைக்கும் அடியில், மெல்லிய கம்பி அறுபடுவது போன்ற ஓர் ஒலி என் காதில் விழுந்தது. நான் நின்றுவிட்டேன். குவளை சாய்ந்து பீர் என் காலில் வழிந்தது. ஐயமே இல்லை. குழந்தை பிறந்துவிட்டது, அழுகிறது! அதைக் கேட்ட ஒரே ஆண்மகன் நான்; என் காதுக்கோ மதிப்பில்லை. என் வாழ்வில் வேறெந்தக் கணத்திலும் நான் பண்ணையாளாகப் பிறந்ததற்கு அவ்வளவு மனம் நொந்ததில்லை.

கோடித் படியின் மேல் தோன்றி வாயைத் திறந்து எதையோ கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் இரு கைகளாலும் தொட்டிலாட்டிக் காண்பித்தாள். ட்ரோகோ தம் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று தலையசைத்தார்.

அப்போதுதான் அவர்கள் வந்தனர்!

திறந்திருந்த பெருவாயிலின் வழியே ஒரு வெள்ளம் பாய்ந்தது. அரிவாள், வில், உலக்கை, வைக்கோல் முட்கோல் என எதெது கிடைத்ததோ அதையெல்லாம் ஏந்தி மூன்று ஊர் ஆண்கள் முற்றத்தை நிரப்பினர். பாலத்தில் நின்றிருந்த ட்ரோகோவின் ஆட்களும் அக்கூட்டத்தில் நனைந்த எலிகளாய் அள்ளிவரப்பட்டிருந்தனர். சந்தைக்குச் சென்றிருந்த எங்கள் சுதந்திரக் குடிகள் பீர் மணக்க வந்து சேர்ந்தனர். எங்கள் கொல்லன் மற்போரில் வென்ற கோலத்தில், இடுப்புக்குமேல் ஆடையின்றி, பரிசுக் கிடாவைத் தோளில் சுமந்து வந்திருந்தான். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் ஆக்ஸ்லி ஊரின் காவல் தலைவர் ஐல்வின். பெருவயிறும் பெருங்குரலும் உடையவர்.

"திருடன் எங்கேடா?" என்று அவர் முழங்கினார்.

கொம்புகள் நின்றன. நாய்கள்கூட அடங்கின.

"திருடனா? எந்தத் திருடன்?" என்றார் ட்ரோகோ.

"விடாம கொம்பு ஊதினது யாரு? அறுப்பை அப்படியே போட்டுட்டு ஓடியாந்திருக்கோம். திருடன் இல்லேன்னா பொய்க் கூக்குரல். பொய்க் கூக்குரலுக்கு ஊருக்கு ஊரு தண்டம் கட்டணும், தெரியும்ல?"

"நான் என் தங்கச்சிக்காகப் பிரார்த்தனை பண்ணிட்டு இருந்தேன்."

"கொம்பு ஊதியா? உங்க சாமிக்குக் காது மந்தமா?"

கூட்டம் சிரித்தது. ஆனால் வாரின் சிரிக்கவில்லை; அவர் மாடிப்படியை நோக்கினார். "கோடித்! குழந்தை?"

"பொண்ணு ஐயா! கூரை பிச்சுக்கிற மாதிரி கத்திச்சு! இந்தப் பாவிங்க ஊதின ஊதுல ஒருத்தருக்கும் கேக்கலை. இப்போ பால் குடிக்குது. சத்தமே இல்லை."

"பொம்பளை பேச்சு நீதிபதி முன்னாடி நிக்காது," என்றார் ட்ரோகோ. அவர் நிலைமையை நொடியில் உணர்ந்துகொண்டார். அவருடைய குரல் தேனாக மாறியது. "சரி, சண்டை எதுக்கு? குழந்தையை வெளியே கொண்டா கோடித். ஊரே வந்திருக்கு. எல்லாரும் பாக்கட்டும், அழறதைக் கேக்கட்டும். நானும் ஆசீர்வாதம் பண்றேன்."

கோடித் மலர்ந்த முகத்துடன் உள்ளே திரும்பினாள்.

"வேண்டாம்!" வாரினின் குரல் முற்றத்தை அறைந்தது. "வாசப்படி தாண்டாதே! நாலு சுவத்துக்குள்ள அழணும். வெளிய கொண்டாந்தா செல்லாது. வெளியில அழுததை, எவனோ முற்றத்துல கொண்டாந்து போட்ட குழந்தைன்னு சொல்லிடுவான்!"

ட்ரோகோ உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் விரித்த வலை கிழிந்தது. எனினும் அவர் இன்னும் தோற்கவில்லை. குழந்தை உள்ளே வயிறு நிறையக் குடித்துவிட்டு உறங்கிப்போனால், அறுவடையை விட்டு வந்த இவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? மாலைக்குள் தாய்க்கோ சேய்க்கோ ஏதேனும் நேர்ந்தால்?

ஐல்வின் கையை உயர்த்தினார். அத்தனை பேரும் வாய்மூடி நின்றனர். வியர்வை ஊறிய முகங்கள் யாவும் அச்சிறு சாளரத்தை நோக்கி உயர்ந்தன. எங்கோ ஓர் ஈ பறக்கும் ஒலிகூடக் கேட்டது.

"ம்மே..."

"அழுதிருச்சு!" என்று பின்வரிசையில் ஒருவன் கூவினான்.

"அது என் கிடாடா, குடிகாரா," என்றான் கொல்லன்.

ட்ரோகோ உரக்கச் சிரித்தார். "சத்தியம் பண்ணுங்கப்பா! மார்ல்கோட் வாரிசுக்குக் கொம்பு முளைச்சிருக்குன்னு சொல்லுங்க!"

சிரிப்பு அடங்குமுன் சாளரத்துக்கு உள்ளிருந்து ஹாவிஸ் அம்மையாரின் குரல் வந்தது. களைத்துத் தளர்ந்த குரல்தான். ஆயினும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"என்னங்க, கொம்பு நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா!" என்றார் வாரின். அவருடைய கண்கள் நிறைந்தன.

"கீழே யாரு யாரு இருக்காங்க?"

"மூணு ஊரு ஆம்பளைங்க."

"சுதந்திர ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்கோம் தாயி!" என்று கொல்லனும் ஆலைக்காரனும் இன்னும் பலரும் ஒரே குரலில் கூவினர்.

"ட்ரோகோ அண்ணன் இருக்காரா?"

"இருக்கார்."

"சந்தோஷம். எல்லாரும் நல்லாக் காது குடுத்துக் கேளுங்க. பாவம், பசியோட இருக்கா. நான் இப்போ அவ வாயிலேருந்து பாலை எடுக்கப் போறேன்."

ஒரு கணம் ஒன்றுமில்லை. பின்னர் ஒரு விக்கல். அதன்பின் எழுந்தது அவ்வழுகை!

அதை எவ்வாறு விவரிப்பேன்? கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்பை நீரில் தோய்த்ததைப் போலச் சீறிக் கிளம்பி, முற்றத்தின் குறுக்கே பாய்ந்து, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. வாயருகே வந்த உணவைப் பறிகொடுத்தவளின் நியாயமான கோபம் அதில் இருந்தது. குதிரைகள் காதை நிமிர்த்தின. கிடா கொல்லனின் தோளிலிருந்து குதித்தது. கூடத்தின் வாயிலில் அமர்ந்து, நடப்பது எதுவும் தெரியாமல் என் பீரைச் சுவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஐவோ, குவளையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரது பச்சைக் குழந்தையை அழ விடறது?" என்று அவர் அதட்டினார். "பாலைக் குடுங்கம்மா!"

முற்றம் வெடித்தது! தொப்பிகள் வானில் பறந்தன. அறிமுகமில்லாத ஓர் ஆக்ஸ்லிக்காரன் என்னைக் கட்டித் தழுவி இரு கன்னங்களிலும் முத்தமிட்டான். கொல்லன் முழந்தாளிட்டு அழுதான். சிறிது பீரும் அதற்குக் காரணமாக இருக்கலாம். வாரின் படியின் அடியில் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"சரி, அந்தக் கணக்கு முடிஞ்சுது," என்றார் ஐல்வின், ட்ரோகோவின் பக்கம் திரும்பி. "இப்போ பொய்க் கூக்குரல் விஷயத்துக்கு வருவோம் பிரபு."

ட்ரோகோ தம் குதிரையை நோக்கி ஓரடி வைத்தார். அப்போது வாரின் கண்களைத் துடைத்துக்கொண்டு முன்வந்து, அவருடைய தோளில் அன்புடன் கை வைத்தார்.

"தப்பா நினைச்சுட்டீங்க ஐல்வின். மச்சான் வம்சத்துல வாரிசு உயிரோட பொறந்தா கொம்பு ஊதுறது வழக்கமாம். என்கிட்டே அவரே சொன்னார். கொண்டாட்டம்னா அது பொய்க் கூக்குரல் ஆகாதுல்ல? சொல்லுங்க மச்சான், எதுக்கு ஊதினீங்க?"

அத்தனை காதுகளும் ட்ரோகோவை நோக்கித் திரும்பின. தண்டம் என்றால் மூன்று ஊருக்கும் தனித்தனியே. அத்துடன் மாவட்டம் முழுவதும் நகைப்பு. கொண்டாட்டம் என்றாலோ, குழந்தை உயிருடன் பிறந்ததை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். அவருடைய தாடை இருமுறை அசைந்தது.

"கொண்டாட்டம்," என்றார் பல்லிடுக்கில்.

"சத்தமா சொல்லுங்க, ஐவோ ஐயாவுக்குக் கேக்கலை," என்றான் கொல்லன்.

"கொண்டாட்டம்!" என்று கத்திவிட்டு அவர் குதிரையில் ஏறினார். ஐவோ மட்டும் உடன் செல்லவில்லை. பீர் தீரும்வரை எங்களுடனேயே இருந்தார்.

ஹாவிஸ் அம்மையார் இலையுதிர்காலம் வரை படுக்கையில் இருந்தார். பின்னர் எழுந்து, முப்பது அறுவடைகளைக் கண்டார். ஆனால் குழந்தை உயிருடன் பிறந்ததென்று நிறுவப்பட்டபின், வாரின் இனி மனைவியின் நிழலில் நிற்க வேண்டியதில்லை. அடுத்த வசந்தத்தில் அவர் மன்னரின் முன் மண்டியிட்டு, மார்ல்கோட்டுக்காகத் தம் சொந்தப் பெயரில் விசுவாச உறுதி கூறினார். தரையின்றி நின்ற நாற்காலிக்கு அடியில் பாறை அமைந்தது. ஓரியல் என்று பெயரிடப்பட்ட அப்பெண் வளர்ந்து, பெருங்குடிப் பிரபு ஒருவரின் மகனை மணந்தாள். திருமணத்தில் அவள் 'சம்மதம்' என்று சொன்னது கோயிலுக்கு வெளியே குதிரை பிடித்து நின்றவர்களுக்கும் கேட்டது. இன்று அவளுடைய தம்பி மன்னரின் பேரவையில் அமர்கிறார்.

கேடயத்தில் தீட்டுவதற்கு ஒரு சின்னம் வேண்டுமென்று ஓவியன் கேட்டபோது, சிங்கம், கழுகு முதலியவற்றைப் பலரும் கூறினர். வாரின் நீண்டநேரம் சிந்தித்து, நீல வண்ணத்தின்மேல் பொன்னிறமான ஓர் ஊதுகொம்பை வரையச் சொன்னார். அதன் வாயில் ஒரு துணி திணிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார். ஓவியன் அதன் பொருளைக் கேட்டான்.

"எங்க மச்சானுக்கு மரியாதை," என்றார் வாரின்.

இறுதியாக என்னைப் பற்றி ஒன்று. முதல் அழுகை என் காதில் விழுந்ததை நான் கோடித்திடம் மட்டுமே கூறியிருந்தேன். அவள் அதை அம்மையாரிடம் சொல்லிவிட்டாள். ஓரியலின் தம்பி பிறக்கவிருந்த காலையில் ஹாவிஸ் அம்மையார் என்னை அழைத்தார். கூடத்தில் ஊரார் அனைவரும் கூடியிருந்தனர். கதவுகள் யாவும் திறந்திருந்தன. அவர்கள் முன்னிலையில் வாரின் என் கையைப் பற்றி வாயிலுக்கு அழைத்துச் சென்று, திறந்த சாலையைக் காட்டி, எங்கு வேண்டுமானாலும் செல்லும் உரிமை எனக்கு உண்டு என்று அறிவித்தார். அந்நொடி முதல் நான் எவருக்கும் கட்டுப்படாத குடிமகன்.

"இப்போ எங்கே போகப் போறே விமண்ட்?" என்று அம்மையார் மாடிச் சாளரத்திலிருந்து வலிக்கிடையே கேட்டார்.

நான் சாலையைப் பார்த்தேன். பின்னர் விரைந்து உள்ளே வந்து, மாடிப்படியின் அடியில், முன்வரிசையில், என் காதைச் சுவரில் பதித்து நின்றேன்.